கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம்: எந்த அறுவைச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

பாலக்காடு / இடுக்கி: மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள், தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் நாற்று நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்கள் ஆகிய மூன்று பிரிவினரின் வேலையும் வெவ்வேறானது. ஆனால் மூன்றுமே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பிடியை நம்பி நடப்பவை. அந்தப் பிடி வலுவிழந்தால் வருமானமும் குறைகிறது.

நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் அந்தப் பிடியைப் பாதிக்கும் முக்கியமான நோய்களுள் ஒன்று கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம். இதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. எலும்பை அகற்றுவது, அகற்றிய இடத்தில் தசைநாணை வைத்துத் தைப்பது, மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவது, செயற்கை மூட்டுப் பொருத்துவது என்று மருத்துவர் பல வழிகளைக் கூறும்போது, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் நோயாளிக்கு ஏற்படுவது இயல்பு. இம்முறைகளை ஒப்பிட்டு இதுவரை நடைபெற்ற ஆய்வுகள் என்ன கூறுகின்றன, எல்லைப் பகுதியில் வாழும் உழைக்கும் மக்கள் எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய் எங்கே தோன்றுகிறது?

கட்டைவிரலின் அடிப்பகுதி மணிக்கட்டுடன் சேரும் இடத்தில் டிரபீசியம் என்னும் சிறிய எலும்பு உள்ளது. அதன்மீது கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பு அமர்ந்துள்ளது. குதிரைச் சேணத்தின்மீது மற்றொரு சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்ததைப் போன்ற அமைப்பு இது. ஆகவே மருத்துவ நூல்கள் இதைச் சேண மூட்டு என்று அழைக்கின்றன. கட்டைவிரல் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைவதற்கும், சுழன்று மற்ற விரல்களின் நுனியைத் தொடுவதற்கும் இந்த அமைப்பே காரணம்.

இத்தனை திசைகளில் அசையும் மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதில்லை. சுற்றியுள்ள பிணைநார்களே மூட்டை நிலையாக வைத்திருக்கின்றன. விரல்நுனியில் கொடுக்கும் அழுத்தம் நெம்புகோல் முறையில் பல மடங்காகப் பெருகி அடிமூட்டில் இறங்குகிறது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, விரல்நுனியில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்திக் கிள்ளும்போது அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது. ஒரு பொருளை முழு வலுவுடன் இறுகப் பற்றும்போது இது 120 கிலோ வரை உயரக்கூடும்.

பிணைநார்கள் தளரும்போது உள்ளங்கை எலும்பு தன் இடத்திலிருந்து சற்றே வெளிப்புறமாக நழுவத் தொடங்குகிறது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. பின்னர் எலும்போடு எலும்பு உராய்கிறது. விளிம்புகளில் முள் போன்ற எலும்பு வளர்ச்சிகள் தோன்றுகின்றன. கட்டைவிரலின் அடி புடைத்து, சதுரமாகத் தெரிவது முற்றிய நிலையின் அடையாளம்.

தோட்ட வேலைதான் இந்நோயைத் தோற்றுவிக்கிறது என்று கூறிவிட முடியாது. வயது, மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் மாற்றங்கள், குடும்ப வழி, பிணைநார்களின் இயல்பான தளர்ச்சி, முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு ஆகியவையும் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. எனினும், தேய்மானம் தொடங்கிவிட்ட மூட்டுக்கு, நாள் முழுவதும் கிள்ளியும் திருகியும் பிடித்தும் செய்யும் வேலை வலியைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

எக்ஸ்ரே படம் மட்டும் போதாது

1994-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மாதவிடாய் நின்ற 143 பெண்களின் கைகளைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, நான்கில் ஒருவருக்கு இந்த அடிமூட்டில் தேய்மானம் காணப்பட்டது. ஆனால் அவ்வாறு தேய்மானம் இருந்தவர்களில் 28 விழுக்காட்டினர் மட்டுமே அவ்விடத்தில் வலி இருப்பதாகக் கூறினர். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை என்பதே இதன் பொருள். படத்தில் தெரியும் தேய்மானத்தின் அளவும் நோயாளி உணரும் வலியின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

தேய்மானத்தின் அளவைக் குறிக்க, அமெரிக்க மருத்துவர்கள் ஈட்டன், லிட்லர் ஆகியோர் 1973-ஆம் ஆண்டில் வகுத்த நான்கு நிலை முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. முதல் நிலையில் எலும்பின் வடிவம் மாறியிருக்காது. இரண்டாம் நிலையில் மூட்டின் இடைவெளி சற்றே குறுகி, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான எலும்பு முட்கள் தோன்றும். மூன்றாம் நிலையில் இடைவெளி பெரிதும் மறைந்து, முட்கள் பெரிதாகும். நான்காம் நிலையில், டிரபீசியம் எலும்பின் மறுபுறம் உள்ள மூட்டிலும் தேய்மானம் பரவியிருக்கும்.

கட்டைவிரல் பக்கத்தில் தோன்றும் எல்லா வலியும் இந்நோயினால் வருவதல்ல. மணிக்கட்டின் ஓரத்தில் தசைநாண் உறை வீங்குவது, கட்டைவிரல் மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு பின் சட்டென்று விடுபடுவது, மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு இரவில் விரல்கள் மரத்துப்போவது ஆகியவை வேறு நோய்கள். அவற்றுக்கான சிகிச்சையும் வேறு. சில நோயாளிகளுக்கு இரண்டு நோய்கள் சேர்ந்தே இருக்கலாம். எனவே அறுவைச் சிகிச்சைக்கு முன்பு வலியின் இருப்பிடத்தைக் கை மருத்துவர் தொட்டு, அசைத்துப் பார்த்து உறுதிசெய்வது இன்றியமையாதது.

முதலில் அறுவை இல்லாத வழிகள்

எந்த நிலையிலும் முதலில் முயல வேண்டியவை அறுவை இல்லாத சிகிச்சைகளே. கட்டைவிரலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் அணிவது, தடித்த கைப்பிடியுள்ள கருவிகளைப் பயன்படுத்துவது, கிள்ளும் வேலைக்கு இடையிடையே கைக்கு ஓய்வு தருவது, அடிமூட்டைத் தாங்கும் தசைகளுக்குப் பயிற்சி அளிப்பது, வலிநிவாரணிக் களிம்பு பூசுவது ஆகியவை இதில் அடங்கும். வெந்நீர் ஒத்தடமும் தைலமும் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கக்கூடும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அவை மீட்பதில்லை.

மூட்டுக்குள் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆறுதல் தருகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் இந்த ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். அறுவைக்குப் பிந்தைய கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு இதனால் கூடலாம்.

பல மாதங்கள் இவ்வழிகளை முறையாகப் பின்பற்றியும் இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, குடத்தைத் தூக்கவோ, பாட்டில் மூடியைத் திறக்கவோ, துணி பிழியவோ இயலவில்லை, வேலைக்குச் செல்ல முடியவில்லை என்ற நிலை வரும்போதே அறுவைச் சிகிச்சை பேசப்படுகிறது. இது உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை அன்று. முடிவெடுக்க நோயாளிக்குப் போதிய காலம் உண்டு.

எலும்பை அகற்றும் முறை

கட்டைவிரல் அடிமூட்டுக்கான அறுவைச் சிகிச்சைகளில் மிக எளிமையானது, தேய்ந்த டிரபீசியம் எலும்பை முழுவதுமாக அகற்றிவிடுவது. இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜெர்விஸ் 1949-ஆம் ஆண்டில் இம்முறையை விவரித்து எழுதினார். எலும்பை எடுத்த வெற்றிடத்தில் இரத்தம் உறைந்து, நாளடைவில் நார்த்திசுவாக மாறி, எலும்பு முனைகளுக்கிடையே மெத்தை போல அமைகிறது. உராய்வதற்கு எலும்பு இல்லாததால் வலி நீங்குகிறது.

இதன் குறை என்ன? தாங்கி நின்ற எலும்பு போய்விடுவதால் கட்டைவிரல் சற்றே குட்டையாகிறது. முதல் சில மாதங்கள் பிடிவலு குறைவாக இருக்கும். வலி பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தணியத் தொடங்கினாலும், கிள்ளும் வலு திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். எனினும், அறுவைக்கு முன் வலியால் பயன்படுத்தவே இயலாத விரலோடு ஒப்பிட்டால், ஓராண்டுக்குப் பின் பெரும்பாலோருக்கு வலு முன்பைவிடக் கூடியே இருக்கிறது.

தசைநாண் வைத்துத் தைக்கும் முறை

எலும்பை அகற்றினால் கட்டைவிரல் கீழிறங்கிவிடுமே என்ற கவலையிலிருந்து பிறந்தது இரண்டாவது முறை. மணிக்கட்டை மடக்கும் தசைநாணில் பாதியைப் பிரித்தெடுத்து, கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பில் துளையிட்டு அதன் வழியே செலுத்தி, தளர்ந்த பிணைநாருக்கு மாற்றாகக் கட்டுகின்றனர். எஞ்சிய தசைநாணைச் சுருட்டி, எலும்பு இருந்த வெற்றிடத்தில் மெத்தையாக வைக்கின்றனர். அமெரிக்க மருத்துவர்கள் பர்ட்டன், பெல்லெக்ரினி ஆகியோர் 1986-ஆம் ஆண்டில் விவரித்த இம்முறை அமெரிக்காவில் பெரும்பான்மை கை மருத்துவர்களின் வழக்கமாக ஆனது.

இம்முறையின் தர்க்கம் வலுவானதாகத் தோன்றும். ஆனால் அறுவை நேரம் கூடுகிறது. கையில் கூடுதல் வெட்டுகள் தேவைப்படலாம். தசைநாண் எடுத்த இடத்திலும் வலியோ வடுவின் இறுக்கமோ ஏற்படலாம். இந்தக் கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் பலன் உண்டா என்பதே ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி.

அதற்கு விடை தேடி இங்கிலாந்தில் டேவிஸ், பிராடி, டயஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு 2004-ஆம் ஆண்டில் வெளியானது. 183 கட்டைவிரல்கள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவினருக்கு எலும்பு மட்டும் அகற்றப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்கு எலும்பை அகற்றி, அவ்விடத்தில் தசைநாண் மெத்தை வைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு மெத்தையுடன் பிணைநாரும் புதிதாகக் கட்டப்பட்டது. மூன்று பிரிவினருக்கும் நான்கு வாரங்கள் உலோகக் கம்பியும் ஆறு வாரங்கள் ஸ்பிளிண்டும் பயன்படுத்தப்பட்டன.

ஓராண்டுக்குப் பின் 82 விழுக்காடு கட்டைவிரல்களில் நல்ல வலி நிவாரணம் கிடைத்தது. 68 விழுக்காடு கட்டைவிரல்கள் அன்றாட வேலைகளுக்குப் போதிய வலுவைப் பெற்றன. இந்தப் பலன்களில் மூன்று பிரிவுகளுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆய்வைச் சேர்ந்த நோயாளிகளை 5 முதல் 18 ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இதையே உறுதிசெய்தது.

இக்கேள்வி குறித்த குலுக்கல் முறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை, 670 பேர் பங்கேற்ற 11 ஆய்வுகளை ஆராய்ந்தது. வலியிலோ செயல்பாட்டிலோ ஒரு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை என்பதே அதன் முடிவு. சான்றுகளின் தரம் குறைவாக இருப்பதையும் அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. அறுவைச் சிகிச்சையை அறுவை இல்லாத சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு எதையும் அத்தொகுப்பாளர்கள் காணவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மூட்டை இணைத்து இறுக்கும் முறை

மூன்றாவது முறை, தேய்ந்த இரு எலும்பு முனைகளையும் சீவி, கம்பி, திருகு அல்லது உலோகத் தகட்டால் இறுக்கி, இரண்டும் ஒரே எலும்பாகக் கூடும்படி செய்வது. அசைவு இல்லாத மூட்டில் உராய்வும் இல்லை, வலியும் இல்லை. கட்டைவிரல் குட்டையாவதில்லை. இறுகப் பற்றும் வலு நிலைத்திருக்கும். இதனால் கனமான கருவிகளைக் கையாளும் இளவயது உழைப்பாளிகளுக்கு இம்முறையே உகந்தது என்பது பாடநூல்களின் நெடுங்காலக் கருத்து.

இதில் இழப்பதும் உண்டு. உள்ளங்கையை மேசையின்மீது தட்டையாக விரித்து வைக்க முடியாது. குறுகிய கழுத்துள்ள பாத்திரத்துக்குள் கைவிடுவது கடினம். எலும்புகள் ஒன்றுகூட ஆறு முதல் எட்டு வாரங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். அதுவரை கட்டுடன் இருக்க வேண்டும். சிலருக்கு எலும்புகள் கூடாமலே போய், மறு அறுவை தேவைப்படுகிறது. புகைப்பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அசையாத மூட்டுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் சுமையைத் தாங்க நேர்வதால், நாளடைவில் அவையும் தேயலாம்.

நெதர்லாந்தில் நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் இம்முறையையும், எலும்பை அகற்றிப் பிணைநார் கட்டும் முறையையும் ஒப்பிட்ட குலுக்கல் ஆய்வு 2014-ஆம் ஆண்டில் வெளியானது. மூட்டை இணைத்த பிரிவினருக்குச் சிக்கல்கள் அதிகமாக ஏற்பட்டதால் அந்த ஆய்வு திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. நடுத்தர வயதுப் பெண்களுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கும்போது மருத்துவர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

செயற்கை மூட்டு

இடுப்பு மூட்டு மாற்றப்படுவதைப் போலவே கட்டைவிரல் அடிமூட்டையும் மாற்றலாம். பிரெஞ்சு மருத்துவர் டி லா கஃபினியேர் 1970-களின் தொடக்கத்தில் பந்துக் கிண்ண அமைப்பிலான செயற்கை மூட்டை அறிமுகப்படுத்தினார். அதற்குச் சற்று முன்பே அமெரிக்க மருத்துவர் ஸ்வான்சன் சிலிகோனால் ஆன மாற்று எலும்பை உருவாக்கியிருந்தார். தொடக்கத்தில் நல்ல பலன் தந்த சிலிகோன், நாளடைவில் தேய்ந்து, அதன் நுண்துகள்கள் அழற்சியையும் எலும்பு அரிப்பையும் ஏற்படுத்தியதால் இந்த மூட்டில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. புதியது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதற்கு இந்த வரலாறே சான்று.

இன்று பிரான்ஸ், பெல்ஜியம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் பரவலாகப் பொருத்தப்படுபவை இரட்டை அசைவு முறையில் இயங்கும் உலோக மூட்டுகள். பழைய வடிவங்களில் மூட்டு நழுவுவதும், டிரபீசியத்தில் பொருத்திய கிண்ணம் தளர்வதும் பெரும் சிக்கல்களாக இருந்தன. புதிய வடிவங்களில் நழுவல் வெகுவாகக் குறைந்துள்ளது. ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட மூட்டுகள் மாற்றத் தேவையின்றி இயங்குவதாக அங்குள்ள மருத்துவ மையங்கள் தெரிவிக்கின்றன.

இதன் பெரும் நன்மை வேகம். கட்டுடன் இருக்கும் காலம் குறைவு. வலுவும் அசைவும் விரைவில் திரும்புகின்றன. கட்டைவிரலின் நீளமும் குறைவதில்லை. மறுபுறம், செயற்கை மூட்டின் விலை கூடுதல். அதைப் பொருத்தப் பயிற்சி பெற்ற மருத்துவர் தேவை. டிரபீசியம் எலும்பு போதிய பருமனுடன் இருக்க வேண்டும். நான்காம் நிலைத் தேய்மானத்தில் இம்முறை பொதுவாகப் பொருந்துவதில்லை. முப்பது ஆண்டுகள் கடின உழைப்பை இம்மூட்டுகள் தாங்குமா என்பதைக் காலம்தான் கூற வேண்டும். மூட்டு பழுதானால் அதை நீக்கி, டிரபீசியத்தையும் அகற்றி, முதல் முறைக்கே திரும்பலாம் என்பது ஓர் ஆறுதல்.

தொடக்க நிலைக்கான முறைகள்

தேய்மானம் முற்றாத முதல் இரு நிலைகளில், எலும்பை அகற்றாத முறைகளும் உள்ளன. தளர்ந்த பிணைநாரை மட்டும் தசைநாணால் புதிதாகக் கட்டுவது ஒன்று. உள்ளங்கை எலும்பின் அடியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை நீக்கி, எலும்பின் கோணத்தைத் திருத்தி, அழுத்தம் மூட்டின் நல்ல பகுதிக்கு மாறும்படி செய்வது மற்றொன்று. 1973-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட இம்முறை, நோய் முற்றாத இளவயதினருக்கு உரியது. மூட்டிலிருந்து வலியைக் கடத்தும் சிறு நரம்புக் கிளைகளை மட்டும் துண்டிக்கும் முறையும் உண்டு. இதில் மீட்சிக் காலம் குறைவு. ஆனால் நீண்டகாலப் பலனுக்கான சான்றுகள் இன்னும் போதுமானவையாக இல்லை.

எல்லா முறைகளிலும் உள்ள ஆபத்துகள்

எம்முறையைத் தேர்ந்தாலும் சில ஆபத்துகள் பொதுவானவை. அறுவை நடக்கும் இடத்தின் வழியே செல்லும் மெல்லிய உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டால், கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகலாம் அல்லது தொட்டாலே எரியலாம். கிருமித் தொற்று ஏற்படலாம். ஒரு சிலருக்குக் கை முழுவதும் வீங்கி, நிறம் மாறி, விறைத்து, நீண்ட நாள் வலிக்கும் நிலை உருவாகலாம். அறுவைக்குப் பின் வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவு நோய் உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே அறுவைக்குச் செல்வது நல்லது.

கட்டைவிரலின் நடுமூட்டையும் கவனிக்க வேண்டும். அடிமூட்டு நெடுநாள் நழுவியிருந்தால், நடுமூட்டு பின்னோக்கி வளைந்து, விரல் இசட் எழுத்து வடிவத்துக்கு மாறியிருக்கும். இந்த வளைவைச் சரிசெய்யாமல் அடிமூட்டுக்கு மட்டும் அறுவை செய்தால் பலன் குறையும்.

மீட்சிக் காலமும் கூலியும்

ஒப்பீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாடுகளில் நடைபெற்றவை. அங்குள்ள நோயாளிக்கும் மலைத்தோட்டத் தொழிலாளிக்கும் வாழ்க்கை நிலை ஒன்றல்ல. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 20 விழுக்காடு போனஸ் கோரி வீதிக்கு வந்தபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாயாக இருந்தது. அப்போராட்டத்துக்குப் பின் அது 301 ரூபாயாக உயர்ந்தது. தோட்டங்களில் நாள் அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஊக்கத்தொகை உண்டு. கட்டைவிரல் வலித்தால் முதலில் இழப்பது அந்த ஊக்கத்தொகையை. அறுவை செய்துகொண்டால் சில மாதங்களுக்குக் கூலியையே இழக்க நேரலாம்.

ஆகவே இப்பகுதி நோயாளிக்கு, ஓராண்டுக்குப் பின் எத்தனை விழுக்காட்டினர் நலமடைந்தனர் என்ற கணக்கைப் போலவே, எத்தனை வாரம் கை கட்டில் இருக்கும், எப்போது கொழுந்து கிள்ளலாம், எப்போது சுமை தூக்கலாம் என்ற கேள்விகளும் முக்கியமானவை. தோட்டம் திறந்திருக்கும் காலத்தையும் ஏலக்காய் அறுவடைக் காலத்தையும் மனத்தில் கொண்டு அறுவைக்கான நாளைத் தேர்ந்தெடுக்கலாம். இரு கைகளிலும் நோய் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டையும் செய்துகொள்வது அன்றாட வாழ்வை முடக்கும். ஒரு கை தேறிய பின் மறு கை என்பதே வழக்கம்.

தொலைவும் ஒரு செலவுதான். பாலக்காட்டின் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதியினருக்குக் கோவை அருகில் உள்ளது. கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனையும், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கு உள்ளன. இடுக்கி மலைப்பகுதியினர் கோட்டயம், தேனி, மதுரை ஆகிய ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். ஆனால் மலைப்பாதையில் பல மணி நேரம் பயணிக்க வேண்டும். தையல் பிரிக்கவும், கம்பி எடுக்கவும், கைப்பயிற்சிக்கும் எத்தனை முறை வர வேண்டும் என்பதையும், பயிற்சியை உள்ளூர் மருத்துவமனையில் தொடர முடியுமா என்பதையும் முன்பே கேட்டறிவது அவசியம்.

கை அறுவை மருத்துவம் தென்னிந்தியாவுக்குப் புதியதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து உலகப் புகழ் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வெங்கடசாமி கைக்கென்றே தனித்துறையை உருவாக்கினார். அந்த மரபில் பயின்ற மருத்துவர்கள் இன்று பல ஊர்களில் உள்ளனர்.

காப்பீடும் ஒப்புதலும்

கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வழிசெய்கின்றன. இரண்டும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டவை. எல்லையின் ஒருபுறம் குடும்ப அட்டையும் மறுபுறம் வேலையும் உள்ளவர்கள், தம் அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும், தாம் செய்துகொள்ளவிருக்கும் அறுவை திட்டத்தின் பட்டியலில் உள்ளதா, செயற்கை மூட்டின் விலையும் அதில் அடங்குமா என்பவற்றை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒப்புதல் படிவம் புரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கும்படி கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சிகிச்சையின் தன்மை, அதன் பலன், ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை எடுத்துரைத்த பின் பெறப்படும் ஒப்புதலே முறையானது என்று 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. மாற்று வழிகள் பலவாக உள்ள இந்நோயில் அத்தீர்ப்பு மிகவும் பொருந்தும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

* எனக்கு நோய் எந்த நிலையில் உள்ளது? வேறு நோய் ஏதும் சேர்ந்துள்ளதா?
* அறுவை இல்லாமல் இன்னும் முயலக்கூடியது ஏதேனும் உண்டா?
* எலும்பை மட்டும் அகற்றினால் போதாதா? போதாது எனில் என் கையைப் பொறுத்தவரை காரணம் என்ன?
* இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?
* எத்தனை வாரம் கட்டு, எத்தனை முறை வர வேண்டும், எப்போது என் வேலைக்குத் திரும்பலாம்?
* பலன் தராவிட்டால் அடுத்து என்ன செய்ய இயலும்?

சுருக்கமாகக் கூறினால், நடுத்தர வயதையோ முதுமையையோ அடைந்த, தேய்மானம் முற்றிய பெண்ணுக்கு, எலும்பை மட்டும் அகற்றும் எளிய முறை, கூடுதல் தசைநாண் வேலைப்பாடு கொண்ட முறைகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததாக நிறுவப்படவில்லை. கனமான வேலை செய்யும் இளவயது ஆணுக்கு மூட்டை இணைக்கும் முறை இன்றும் பேசத்தக்கது. விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு, எலும்பின் நிலையும் செலவும் இடம் கொடுத்தால், செயற்கை மூட்டு ஒரு வாய்ப்பு. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு எலும்பைக் காக்கும் வழிகள் உள்ளன. எளிய சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தால், ஏழை என்பதால் தரம் குறைந்ததைத் தருகிறார்கள் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. விலையுயர்ந்த முறையைப் பரிந்துரைத்தால், அதற்கான காரணத்தைக் கேட்கத் தயங்கவும் வேண்டியதில்லை.